காய் உள்ள கொப்பு

என் ஜெனிக்க அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்களுக்குக் கடிதமே எழுதியதில்லை. இந்த ஓமானில், ரூவி ஃப்ளாட்டிலிருந்து நீங்கள் வேலை செய்த மலை கேம்புக்கு ஒரு போன் போதும். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் போன செய்திக்குப் பிறகு இப்படி நான் ஆடிப்போனது நேற்றுத்தான்.

நேற்று ஆஸ்பத்திரியில் டியூட்டி இல்லை. ஜெனியைப் பக்கத்து ஃப்ளாட்டில் விட்டுவிட்டு, உங்கள் கேம்ப் டிரைவர் குல் பாயின் வண்டியில் ஜபல் அக்தர் மலை ஏறினேன். ஐந்து கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொண்டுவந்த ஜூனிபர் மரக் கொப்பு இந்த வருஷமும் குடிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பிள்ளை ஒரே அழுகை. "பிளாஸ்டிக் ட்ரீ வேண்டாம் மம்மி. அப்பாவோட மரத்துல இருந்துதான் வேணும்." கத்தியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கேம்புக்குப் பின்னால் அந்த மரத்தைப் பார்த்ததும் கத்தியைப் பையிலேயே விட்டுவிட்டேன். உச்சி காய்ந்து நரைத்திருக்கிறது. கை எட்டும் உயரத்தில் நான்கு வெட்டு. செதில் செதிலான பச்சை இலை இரண்டு கொப்பில்தான் மிச்சம், அதில் கொஞ்சம் நீலக் காய். பக்கத்து மரமோ அடர்ந்து நிற்கிறது. அதில் பழைய வெட்டு ஒன்றே ஒன்று, காய் ஒன்றுகூட இல்லை.

"இது ஏன் பாய் காய்க்கல?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"அது ஆண் மரம், பெஹன். பெண் மரம் மட்டும்தான் காய்க்கும்" என்றார்.

பனையில் ஆண் எது, பெண் எது என்று தூரத்திலிருந்தே சொல்கிற கடற்கரை ஊர்க்காரி நான். எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது? முதல் வருஷம் காயில்லாக் கொப்போடு வந்தீர்களே, வாசலிலேயே உங்களைப் பிடித்துக்கொண்டேன். "இந்த மொட்டைக் கொப்பு யாருக்கு வேணும்? காய் உள்ளதாப் பாத்து வெட்டப்பிடாதா?" மறு வருஷத்திலிருந்து பெண் மரத்தில்தான் கத்தி விழுந்தது.

குல் பாயின் சொந்த ஊரான பலூசிஸ்தான் மலைகளிலும் இதே மரம்தானாம். அங்கிருந்து ஈரான், வடக்கே மத்திய ஆசியா வரை. ஓமானில் மட்டும் கடலுக்கு இப்பால், இந்த மலை உச்சிகளில் தனியே ஒதுங்கி நிற்கிறது. மரங்களை ஆராய வந்தவர்களை வண்டியில் ஏற்றித் திரிந்தவர், அவர்கள் பேசியதையும் சொன்னார். மழை குறைந்து, கொஞ்சம் கீழே இருக்கிற மரங்கள் பட்டுப்போகின்றன. கன்றைப் பார்ப்பதே அபூர்வம். காய் முற்றவே ஒன்றரை, இரண்டு வருஷம். உச்சி காய்ந்ததற்கு நாம் காரணமில்லையாம். ஆனால் அந்த விதைகள்? ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் காயோடு கொப்பை மடக்கி, ரூவி குப்பைத்தொட்டியில் திணித்தது நான்தானே!

அதோடு முடியவில்லை. "ஜேக்கப் பாய்க்கு நான் இதெல்லாம் சொன்னேனே" என்றார் குல் பாய், உங்களைப் பற்றி. "'காய் இல்லேன்னா வீட்டுக்காரி ஒத்துக்க மாட்டா'ன்னு சிரிப்பார். வெட்டிட்டு, கேன்ல தண்ணி கொண்டுவந்து மரத்துக்கு ஊத்துவார்."

தெரிந்தேதான் வெட்டினீர்களா? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவ்வளவு பயமா?

வெறுங்கையோடு வீடு வந்தேன். ஜெனியை உட்காரவைத்து மரத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்பாவுக்கு இது தெரியுமா மம்மி?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியும் மக்களே. நான் சண்டை பிடிப்பேன்னுதான் வெட்டுனாங்க. தப்பு எனக்கதாக்கும்" என்றேன்.

எழுந்து அறைக்குள் போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை. குடிலை மட்டும் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள்மேல் அவளுக்கு வருகிற கோபம் எதுவானாலும் நானே வாங்கிக்கொள்வேன். அவள் என்னிடம் எதைச் சொல்லவும் பயப்படாதபடி வளர்ப்பேன். இது சத்தியம்.

உங்களைச் சொல்லவிடாத மனைவி,
ஸ்டெல்லா