கொடுக்காத கோப்பை

அன்புள்ள முத்துராஜ் அத்தானுக்கு,

இன்று எழுந்ததும் முதலில் போனில் நம் கட்சால் தீவின் வானிலையைத்தான் பார்த்தேன். அங்கே மழையாம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகளை இங்கே போர்ச்சுகலில் பழைய ஒயின் ஆலை ஒன்றைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்கள். ருசி பார்க்கக் கொடுத்தார்கள். திட்டாதீர்கள், ஒரு வாய்தான்.

"என்ன வாசனை வருது?" என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரோட சட்டை வாசனை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிறவர் என்று விளக்கினேன்.

"ஐயோ, ரப்பர் வாசனைன்னா ஒயின் கெட்டுப்போச்சு!" என்று கோப்பையை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்காமல் மோந்துகொண்டே இருந்தேன்.

உங்கள் வேலைச் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வையுங்கள். பார்சலில் அனுப்ப வேண்டாம். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. நான் நீட்டிக்கப் போவதில்லை. இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஷீலா