மூன்றாவது ஓட்டம்

கோலாலம்பூர்
6-10-2009

அன்புள்ள அம்மாவுக்கு ஹேமாவதி வணக்கத்துடன் எழுதுவது. உன் மூச்சிரைப்பு குறைந்ததா? அப்பா சின்னமனூரில் கண்ணைக் காட்டினாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன மாதம் போட்டி நடந்தது. நம் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைவிடப் பத்து மடங்கு பெரிய சிமெண்ட் குழிக்குள் ஸ்கேட்போர்டில் மூன்று முறை ஓட வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் விழுந்து முட்டி திரும்பிவிட்டது. பயப்படாதே, லேசாகத்தான். டாக்டர் மறுபடி இறங்கக் கூடாது என்றார். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் எனக்குச் சம்பளம் தருகிற கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிக்கும் என்பதால், முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்றாவது ஓட்டத்துக்கு இறங்கினேன். நான்காவதாக வந்தேன்.

கம்பெனி மேனேஜர் நல்ல பெண்தான். "இந்த முட்டியோட இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுவே?" என்று கேட்டார். ஒப்பந்தம் அதோடு முடிந்தது. அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வந்து இந்தப் பலகையில் ஏறியவளுக்கு ஒன்பது வருஷமாக வேறு வேலை தெரியாது. ஆறு கம்பெனிகளில் நொண்டிக்கொண்டே போய் வேலை கேட்டுவிட்டேன், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. விசா இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

"கையக் கால ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்காதேன்னு அப்பா சொன்னாக ஆத்தா" என்று போனில் சொன்னாயே, அதனால்தான் பிறகு நான் பேசவில்லை.

முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. கூடவே உன் கையால் நாலு வரி எழுதி வை. ரேஷன் கார்டைச் சரிபார்க்க ஆள் வந்தால் என் பெயரை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். வெளிநாட்டில்தானே இருக்கிறாள் என்று எடுக்கச் சொல்லிவிடப் போகிறார்.

தபால் எடுக்க வண்டி வந்துவிட்டது.

உன் மகள்
ஹேமாவதி