ஜஹீதா கை பட்ட கோழி

1928 டிசம்பர் 9, ஞாயிறு

இன்றைக்கு நானே என் மானத்தை வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு சத்தார் பாய் தன் கறிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சும்மா போகிற மனிதரைக் கூப்பிட்டு, எங்கள் கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கி நெஞ்சைக் காட்டினேன். கழுத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் போல உருண்டிருந்தது. "ரெண்டு மாசக் குஞ்சு பாய். பயில்வான் மாதிரி இல்ல?"

அவர் விரலால் அமுக்கிப் பார்த்தார். "காலைத் தீனி போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்போ உள்ள இருக்குறது இன்னா?"

"நேத்து தின்னது! நம்ம வீட்ல தீனி அவ்ளோ ஜாஸ்தி" என்றேன். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மத்தியானம் பயில்வான் செத்துப்போனான்.

டிசம்பர் 10

சிரிப்பு போய்விட்டது. ஜஹீதா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

என் மகள் பேரணாம்பட்டில் வாழப்போனவள். பிள்ளை பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் போய்விட்டது. அந்த வீட்டில் ஒரு ஆடும் அந்த மாதமே செத்தது. மாமியார் மஹ்பூபி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, "உன் கை தொட்டது எதுவும் தங்காது" என்று சொல்லி இவளை இங்கே அனுப்பிவிட்டாள். மருமகன் நயீம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

வந்ததிலிருந்து இவள் மாவு பிசைவதில்லை. மருதாணிக்கும் மல்லிக்கும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊற்றினால் பட்டுப்போகுமாம். அதற்காகத்தான் நான் இந்தக் குஞ்சுகளை வாங்கி வந்து, "இது உன் பொறுப்பு" என்றேன். தொடாமல், தூரத்தில் நின்று தீனி இறைப்பாள். அதுவே பெரிது என்றிருந்தேன்.

இன்று சொல்கிறாள்: "நான்தான் சொன்னேனே அத்தா."

இல்லை. மஹ்பூபி சொன்னதை என் வீட்டுக் கோழி நிரூபிக்க விடமாட்டேன். விடமாட்டேன்.

டிசம்பர் 11

விடிந்ததும், தீனி போடுமுன், எல்லாக் குஞ்சின் தொண்டையடியையும் தொட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க செரித்து, காலையில் அந்தத் தீனிப்பை காலியாக, வெறும் தோலாகத் தொங்க வேண்டும். மூன்று குஞ்சுகளுக்கு அப்படி இல்லை. பிசைந்து காயவிட்ட மாவு மாதிரி கெட்டி. அவை தலையைத் தொங்கப்போட்டு, வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

என் வீட்டுக்காரி முனவ்வர் மிளகாய் சுற்றிப் போட்டாள். சத்தார் பாய் கத்தியோடு வந்துவிட்டார். "உசுரு போறதுக்குள்ள ஹலால் பண்ணிடலாம் வஹீத் பாய். செத்தா மண்ணுக்குத்தான்."

"மண்ணுக்கே போவட்டும்."

"கறி வீணாப்போவும்."

"கறிக்கா வளர்க்குறேன்?"

"பின்ன கோழிய எதுக்கு வளர்ப்பாங்க?" நியாயமான கேள்வி. கதவைச் சாத்தினேன்.

டிசம்பர் 12

தீனியை நிறுத்தினேன். நல்லெண்ணெய் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம், பிறகு மெதுவாக நீவிவிடுவது. இதுவரைக்கும் சரி. அப்புறம் என் மூளை வேலை செய்தது. கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே இருப்பது தானே விழாதா? நான் வேலை பார்க்கிற தோல் பதனிடும் ஷாப்பில் தண்ணீர் வடிய ஆட்டுத் தோலைத் தொங்கவிடுகிறோமே!

குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாக்கினேன். வாயில் வந்த தண்ணீர் மூச்சில் ஏறி, அது கண்ணைச் செருகிவிட்டது.

"அத்தா, கொன்னுடுவீங்க! கொடுங்க இங்க!"

ஜஹீதா பிடுங்கிக்கொண்டாள். நிமிர்த்தி, மடியில் வைத்து, முதுகைத் தடவினாள். அது தும்மியது. மூச்சு வந்தது. ஒரு நாழிகை நேரம் மூன்றையும் மாறி மாறி நீவினாள்.

தான் தொட்டுவிட்டோம் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் மடத்தனத்தால் விளைந்த முதல் நன்மை.

டிசம்பர் 13

காரணம் கிடைத்தது. ஒரு குஞ்சின் அலகோரத்தில் நூல் போல ஏதோ. இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. ஆட்டு முடி.

ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைச் சுரண்டுகிற இடத்துக்கு நான்தான் மேஸ்திரி. சுரண்டிய முடியைக் கழுவிக் காயவைத்து மூட்டை கட்டுவோம். கார்த்திகைப் பனிக்குக் குஞ்சுகள் நடுங்குகின்றனவே என்று ஒரு மூட்டை கொண்டுவந்து மெத்தையாகப் பரப்பியவன் நான். ஊரில் எவன் வீட்டுக் கோழிக்கு மெத்தை இருக்கிறது என்று பெருமை வேறு. மெத்தையையே தின்றிருக்கின்றன! உள்ளே அது திரண்டு, தீனியையும் பிடித்துக்கொண்டு, அடைத்துவிட்டது.

வீடே அதிரக் கத்தினேன். "கை இல்ல! மயிரு! எல்லாம் மயிரு!"

"பொம்பளைங்க முன்னாடி இன்னா பேச்சு இது" என்றாள் முனவ்வர்.

கூண்டைக் கழுவி, பாலாற்று மணல் கொட்டினேன். ஜஹீதாவிடம் முடியைக் காட்டினேன். "பார்த்தியா? தப்பு என்னுது. உன் கை இன்னா பண்ணிச்சு?"

அவள் அதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "கொழந்த இன்னா, முடியா தின்னுச்சு அத்தா?"

அந்த முடியை வாங்கி அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 14, வெள்ளி

இரண்டு குஞ்சுகளுக்கு இளகிவிட்டது. காலையில் பை காலி. குழைந்த சோறும் மோரும் கொஞ்சம் கொடுத்தோம். மூன்றாவது, செவலை, கல் மாதிரி அப்படியே. நிற்கக்கூட முடியவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து சத்தார் பாய் மறுபடி வந்தார். பின்னால் தெருவில் பாதி. "பிடிவாதம் பண்ணாதீங்க. இது இன்னிக்குப் போயிடும்."

"கத்தி வேணாம் பாய். நீங்க வேடிக்க பாருங்க" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

ஜஹீதா உள்ளேயிருந்து என் சவரக் கத்தியோடு வந்தாள். கொதிநீரில் போட்டெடுத்திருந்தாள். கையில் ஊசி, பட்டு நூல், மஞ்சள் தண்ணீர். "அத்தா, கெட்டியா புடிங்க. நசுக்காதீங்க."

"அம்மாடி, செத்துட்டா?"

"கை மேலதானே பழி? ஏற்கெனவே இருக்குது."

இறகைப் பிய்த்துத் துடைத்து, மேல் தோலை விரல்நகம் அகலத்துக்குக் கீறினாள். உள்ளே பை, அது தனித் தோல். அதையும் கீறினாள். ஆயிரம் ஆயிரம் தோலைப் புரட்டிய மேஸ்திரி நான், கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஒரு முடி உருண்டை, நாற்றத்தோடு, தட்டில் கிடந்தது. முதலில் உட்பையைத் தைத்தாள். பிறகு மேல் தோலை. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "ரவிக்கைக்கு உள்துணி தனி, மேல்துணி தனி. தைச்சது இல்லையா நான்?"

நூலை அறுத்துவிட்டு, மஞ்சள் தண்ணீரால் துடைத்தாள்.

சத்தார் பாய் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 15

தண்ணீர் குடித்தது.

டிசம்பர் 22

செவலை மணலைக் கிளறுகிறது. என் விரலைக் கொத்தியது. ஜஹீதா மாவு பிசைந்தாள். சப்பாத்தி ஒவ்வொன்றும் செருப்புத் தோல். எல்லாவற்றையும் தின்றேன், காலையில் என் தொண்டையடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1929 ஜனவரி 13, ஞாயிறு

நயீம் வந்தான். சத்தார் பாயின் வாய் பேரணாம்பட்டு வரை எட்டியிருக்கிறது. "அம்மா வரச் சொன்னாங்க மாமு. கை ராசியாயிடுச்சாமே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறக்குமுன் ஜஹீதா வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"என் கை அன்னிக்கும் இதே கைதான். கொழந்தைக்கு வந்தது ஜுரம். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அம்மா சொன்னப்ப ஏன் வாயத் தொறக்கல?"

அவன் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "தப்புதான்" என்றான். அழுதான்.

அவன் அழுது ஓய்ந்ததும் அவள் சொன்னாள்: "வர்றேன். ஆனா அந்த வீட்ல யாராவது என் கையப் பத்தி ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொன்னா, அதே வண்டில திரும்பிடுவேன். கூப்பிட ஆள் அனுப்ப வேணாம்."

"சரி" என்றான்.

செவலையைக் கூடையில் வைத்துக் கட்டினேன். ஜட்கா வண்டி கிளம்பியதும் முனவ்வரும் நானும் கையேந்தி துஆ கேட்டோம். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கட்டும் என்று சத்தமாகக் கேட்டேன். முனவ்வர் ஆமீன் சொன்னாள்.

சத்தமில்லாமல் கேட்டது வேறு: யா அல்லாஹ், மஹ்பூபி அந்த ஒரு வார்த்தையைச் சீக்கிரம் சொல்லிவிடட்டும்.