முன்கேட்டு திறந்துவிட்டது, அமுலு

என் அமுலுக் கண்ணுக்கு,

முன்கேட்டு திறந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காம மேட்டருக்கு வாய்யா" என்று அங்கிருந்தே கத்துவாய். இந்த வாரத்திலிருந்து உன் கூட்டாளிகள் எல்லாரும் என்னோடு சேர்ந்து முன்வாசல் வழியாகத்தான் யார்டுக்குள் வருகிறார்கள். செல்வி கேட்டைத் தாண்டும்போது குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத்தான் சந்தோஷப்படத் தெரியவில்லை. நீ போன நாளிலிருந்து நடந்த எதையும் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கப்போகிறது, அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன், பர்மனென்ட். நீ அதே யார்டில் கண்டெய்னர் கழுவுகிறவள், காண்ட்ராக்ட். இருவரும் ஒரே வண்டியில் வீட்டை விட்டுக் கிளம்புவோம். சுற்றிக்கொண்டுபோய் உன்னைப் பின்கேட்டில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து நான் முன்கேட்டில் நுழைவேன். பின்கேட்டுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் உரசிக்கொண்டு போகும், நடக்க ஓரமே கிடையாது. உன்னோடு கழுவுகிற கோமதியின் காலில் லாரி ஏறியது அங்கேதான்.

காண்ட்ராக்ட் என்றால் பின்கேட்டு, அதுதான் விதி என்றது கம்பெனி. ஆனால் கிரேனுக்கு ஆயில் போட வருகிற காண்ட்ராக்ட் ஆட்கள் முன்வழியாகத்தானே வந்தார்கள்? கழுவுகிற, பெருக்குகிற, கக்கூஸ் அலம்புகிற வேலைக்கு மட்டும்தான் பின்வழி. அந்த வேலைக்கு ஆள் எடுக்க காண்ட்ராக்டர் வியாசர்பாடியையும் புளியந்தோப்பையும் தவிர வேறு எங்கேயும் வேனை நிறுத்தியதில்லை. "இது கேட்டு இல்லய்யா, ஜாதி. பெயிண்ட் அடிச்சி பூட்டு போட்டு வச்சிகீறானுங்க" என்றாய் ஒருநாள், வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே. காலடிப்பேட்டையில் வேறு ஜாதியில் பிறந்த எனக்கு அது வியாசர்பாடிக்காரி நீ சொல்லித்தான் தெரிந்தது.

மனு கொடுத்தீர்கள். பட்டினி கிடந்தீர்கள். கேட்டு முன்னால் உட்கார்ந்து பாட்டு பாடினீர்கள். வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வெயிலில் நின்றீர்கள். எங்கள் யூனியன் ஆட்கள் பார்த்தும் பார்க்காததுபோலக் கடந்துபோனார்கள். கேட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் குடம் குடமாக மோர் கரைத்துக் கொடுத்தார். நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனுஷன், அவருக்கு இந்தக் கேட்டு திறந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் உன்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பேன். "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்ட பாடிக் கறக்கணும். இது இன்னா மாடுன்னே ஒனக்கு இன்னும் தெர்லியே" என்பேன். நீ விடமாட்டாய். "கல்லெடுத்தா மட்டும் தெரிஞ்சிடுமா? மொதல்ல ஜெயிலுக்குப் போறது நம்ம புள்ளைங்கதான்" என்பாய். அந்தப் பேச்சு நம் வீட்டில் முடிந்ததே இல்லை, சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

கடைசியாக ஒரு வேலை செய்தாயே, அதை எப்படி மறப்பேன்! கேட்டு முன்னால் கூடக்கூடாது என்று போலீஸ் அனுமதி மறுத்துவிட்டது. நம் பக்கத்தில் எதை நிறுத்தினாலும் சாவு ஊர்வலத்தை யாரும் நிறுத்தமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். பாடை கட்டச் சொல்லி நீயே ஏறிப் படுத்துக்கொண்டாய். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கழுத்துவரை மாலை. மேளக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போனார்கள். பந்தோபஸ்தில் இருந்த ஏட்டய்யா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வழிவிட்டார். பாடையை கேட்டு முன்னால் இறக்கியதும் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து கோஷம் போட்டாய். ஏட்டய்யாவே சிரித்துவிட்டார். அதை எல்லாரும் செல்போனில் எடுத்தார்கள், சென்னை முழுக்கப் பார்த்துச் சிரித்தது. கேட்டு மட்டும் திறக்கவில்லை.

பிறகு நீ நிஜமாகவே செத்துப்போனாய். துணி அலசிக்கொண்டிருந்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பௌத்தனான உன் அண்ணன் புத்த வந்தனம் சொன்னான், என் பக்கத்துச் சொந்தம் நெற்றியில் காசு வைத்தது. இரண்டையும் நீ வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டாய், அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

நம் வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குப் போக கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுகொள்வது வழக்கம். உன் கூட்டாளிகள் நிற்கவில்லை. "எங்க அக்காவ நாங்கதான் தூக்குவோம்" என்று செல்வி பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டாள். மற்றவர்களும் யார்டு நீலப் புடவையோடு பின்னாலேயே வந்தார்கள். நான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தேன். பொம்பளைகள் தூக்கி வந்த பாடையை எந்தப் போலீஸ்காரன் நிஜம் என்று நம்புவான், சொல்லு?

கம்பெனி கேட்டில் பந்தோபஸ்துக்கு இருந்த இன்ஸ்பெக்டர் புதிது. உன் வீடியோவைப் பார்த்திருக்கிறார். ஊர்வலத்தை மறித்துக்கொண்டு நின்றார். "போதும்மா நாடகம், எழுந்திரு" என்றார். செல்விதான் "சார், நெஜமாவே செத்துட்டாங்க சார்" என்று கதறினாள். "போன தடவையும் இப்படித்தானே அழுதீங்க?" என்றார் அவர். கம்பெனி செக்யூரிட்டி ஒருவன் வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கினான். நீ அசையவில்லை என்றதும் தடியின் நுனியால் உன் பாதத்தில் குத்தினான்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த ஒரு நொடி நீ எழுந்துவிடுவாய் என்று நானும் பார்த்தேன். அவர்கள் சொல்வதுதான் உண்மையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மாலை நழுவித் தரையில் விழுந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்துப்போனது.

முதல் கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் கையிலிருந்த சட்டியை யாரோ பிடுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி கூண்டு எரிந்தது. உனக்கு வைக்கவேண்டிய நெருப்பில், அமுலு! நான் பாடையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன், உன்மேல் எதுவும் விழக்கூடாது என்று. எல்லாம் அடங்கி சுடுகாடு போய்ச் சேர்ந்தபோது கொள்ளிக்கு நெருப்பில்லை. கூட வந்த ஓர் ஆட்டோக்காரர் லைட்டரைத் தட்டிக் கொடுத்தார். இப்படி ஒரு கொள்ளியை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

உன் காரியம் முடிவதற்குள் யார்டு மேனேஜர் மாலையோடு வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அம்மா ரொம்ப நல்ல மாதிரி" என்றார். எத்தனை மனுவில் உன் பெயர் இருந்தது, ஒருநாளாவது அது அவர் வாயில் வந்ததா? மறுவாரம் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மனிதாபிமான அடிப்படையில் எல்லாத் தொழிலாளர்களும் முன்வாசலைப் பயன்படுத்தலாமாம். கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை, நீங்கள் பட்டினி கிடந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நான் அதை நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். உன் பாட்டுக்கும் பட்டினிக்கும் அசையாத இரும்பு, ஒரு மத்தியானக் கலவரத்தில் திறந்துகொண்டதே! அப்படியென்றால் நீ அத்தனை நாள் வெயிலில் நின்றது எதற்கு?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்குக் கல் பறந்தபோது அண்ணாச்சி நம் பொம்பளைகளை இழுத்துக் கடைக்குள் விட்டுவிட்டு ஷட்டரை இறக்கப் போனார். யாரோ எறிந்த கல் அவர் முகத்தில் பட்டது. இடது கண் போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் சிலர் இன்னும் ஜெயிலில் இருக்கிறார்கள். எறிந்தவன் எவன், எறியாதவன் எவன் என்று பார்த்தா பிடித்தார்கள்?

முந்தாநாள் செல்வி வந்தாள். அடுத்தது சம்பளம், ஒரே யார்டில் ஒரே வேலைக்கு ஒரே கூலி, திங்கட்கிழமை கேட்டுக்கு ஊர்வலம் என்றாள். ஊர்வலத்தின் முன்னால் தூக்கிப்போக உன் படம் வேண்டுமாம். "பாட்டு பாடிகினே போவீங்களா?" என்று கேட்டேன்.

"அண்ணா, அக்கா எத்தினி வருசம் பாடிச்சி? எவனாச்சும் காது குட்த்தானா? ஒரு நாளு கல்லு வுட்டோம், கேட்டு தொறந்துகிச்சு. அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவமாட்டான்னு சொம்மாவா சொன்னாங்க? இந்த தபா பையில கல்லோடதான் வருவோம்" என்றாள்.

"அண்ணாச்சி கண்ணு?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோமதி காலு மட்டும் இன்னாவாம்? அதுக்கு யாரு அழுதா?" என்றாள் மெதுவாக. அதற்கு உன்னால் பதில் சொல்ல முடியுமா? படத்தைத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நேராக அண்ணாச்சியைப் பார்க்க கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. "கேட்டத் தொறந்துட்டாவளா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாருக்கட்டும். இனி அந்தப் பிள்ளையள் லாரிக்கு எடையில நடக்க வேண்டாம்லா" என்றார். முகம் மலர்ந்துதான் சொன்னார். அடுத்த நிமிஷம் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார். "நான் மோர்தானே தம்பி குடுத்தேன்? என்னைய எதுக்கு எறிஞ்சாவ?"

அமுலு, அந்தக் கேள்வியோடுதான் ரயிலில் திருவொற்றியூர் வீடு வந்து சேர்ந்தேன். கல் எறியாவிட்டால் கூலி வராமலே போகலாம். பாடிப் பார், ஆடிப் பார் என்று செல்விக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. முன்கேட்டில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி நுழைந்தவன் நான். எறிந்தால்தான் வரும் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அண்ணாச்சியின் கை இன்னும் என் கையில் இருக்கிறது.

ஆனால் உன் படத்தை என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். அது ஊர்வலத்துக்கு முன்னால் போகாது. திங்கட்கிழமை யார்டுக்கு லீவு போட்டுவிட்டு, உன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணாச்சியின் உடைந்த ஷட்டருக்கு முன்னால் நான் நிற்பேன். உன் கூட்டாளிகள் கேட்கிற கூலியை அங்கே நின்றே நானும் கேட்பேன், தொண்டை கிழியக் கேட்பேன். கல் எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். இந்தப் பக்கம் எறிகிறவன் உன் முகத்தைப் பார்த்துத்தான் எறியவேண்டும். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
டில்லி