பட்டி வாசலில் எண்ணக் கூடாது

லொய்த்தா குன்று

அன்பு மகள் சிலாந்தோய்க்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மாடுகள் சுகம், பிள்ளைகள் சுகம், மேய்ச்சலுக்குப் புல்லும் இருக்கிறது, ஆகையால் நாங்களும் சுகம்தான். உன் பக்கம் மாடும் இல்லை, புல்லும் இல்லை, எங்கு பார்த்தாலும் பனிதான் என்கிறாய், அப்புறம் உன் சுகத்தை நான் எதை வைத்து விசாரிப்பது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது காலுக்குக் கம்பளி போடுகிறாயா, அதையாவது எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா இரண்டடி தள்ளிச் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு காதை இங்கேதான் வைத்திருப்பார். இது ஆற அமரச் சொல்ல வேண்டிய சமாசாரம். நீயும் ஆற அமரப் படி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

மழை இந்த முறை ஏமாற்றவில்லை. நீ பிறந்தபோது உனக்கென்று விட்ட புள்ளிப் பசுவின் பேத்தி கிடாரி ஈன்றிருக்கிறது, அதே காது, அதே முட்டுகிற குணம். பஞ்சத்தில் அப்பா எத்தனையோ மாடுகளை விற்றார், உன் பசுவின் வழியில் வந்த ஒன்றின் மேலும் கை வைக்கவில்லை, ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. ஓடையோரத்து உப்பு மண்ணுக்கு யானைகள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டன. அந்தப் பெரிய அத்திமரத்தைத் தாண்டும்போதெல்லாம் உன் நினைவுதான். கிளையில் தொங்கியது சிறுத்தையின் வால் என்று காடு பார்க்க வந்த விருந்தாளிகளில் ஒருவருக்கும் தெரியாதபோது நீ வாயைத் திறக்காமல் மோவாயால் காட்டினாயே, பல்லுகூட முழுசாக முளைக்காத வயது. அன்று அப்பா குடியிருப்பு முழுக்க அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார், கேட்டவர்களுக்கே அலுத்துப்போயிற்று. விருந்தாளிகளுக்கு முன்னால் அவர் கோலைப் பிடித்துக்கொண்டு நீ நடந்த நடை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நாட்கள் அப்படியே நின்றிருக்கக் கூடாதா என்று இருக்கிறது, போ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ புறப்பட்ட அன்று அப்பாவைப் பார்த்து என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “வர்றவங்க யானையைப் பாக்குறாங்க, ஒட்டகச்சிவிங்கியைப் பாக்குறாங்க, அப்புறம் நம்மளப் பாக்குறாங்க. அந்த வரிசையில நான் நிக்க மாட்டேன்பா” என்றாய். அவர் மறுநாளே மூப்பர்களிடம் போய், இனிமேல் என்னைக் கொய்னெட் அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூத்த பிள்ளை பெயரால்தான் தகப்பனைக் கூப்பிடுவது, தம்பி பெயருக்கு மாறினால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போனில் இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, சொல்ல மனசு வரவில்லை. பழக்க தோஷத்தில் சிரோங்கா மாமா ஒருநாள் ஆற்றங்கரையில் சிலாந்தோய் அப்பா, சிங்கம் நிற்கிறது என்று கத்தியிருக்கிறார், இவர் திரும்பவே இல்லையாம். அவரைச் சிங்கம் தின்னாதது தெய்வச் செயல். நாலு வருஷமாக உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. நீயும் அதே மண்ணில் வார்த்த வீம்பு, அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்பாயே தவிர அவரிடம் போனைக் கொடு என்று ஒருநாள் சொன்னதுண்டா?

ஆனால் நீ சொன்ன சொல் அவருக்குள் வேலை செய்துகொண்டேதான் இருந்தது. சாயங்காலம் விருந்தாளிகள் முன் குதித்து ஆடுவதை முதலில் நிறுத்தினார். நைரோபியிலிருந்து விருந்தாளிகளை அனுப்புகிற கம்பெனிக்காரர் ஆட்டம் இல்லையென்றால் யார் வருவார்கள் என்று சண்டைக்கு வந்தார். எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் மாட்டுக்குப் பின்னால் ஒரு வாரம் நடக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பாதிப் பேர் வரவில்லை, கொஞ்ச நாள் கஷ்டப்பட்டோம். இப்போது பிள்ளைகுட்டியோடு குடும்பமாக வருகிறார்கள், ஜீப்பில் விரட்டுவது கிடையாது, மாடு நின்றால் நிற்பதும் மாடு நடந்தால் நடப்பதுமாகப் பொழுது போகிறது. வரிக்குதிரைகள் நம் மாடுகளோடு கலந்து மேய்கின்றன. ஒருநாள் முழுக்க ஓர் ஆமையைத் தவிர எதுவும் கண்ணில் படாது, அதற்கும் சந்தோஷப்படுகிறார்கள், பைத்தியங்கள். அவர்கள் ஆட்டில் பால் கறக்கிற அழகைப் பார்த்து நம் பெண்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள், ஆக இப்போது யார் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்றே தெரியவில்லை.

போன மாதம் பெல்ஜியத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எல்கே என்று ஒரு சின்னப் பெண், எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். யானையை எண்ணினாள், கொக்கை எண்ணினாள், சாயங்காலம் பட்டி வாசலில் அப்பா பக்கத்தில் நின்று நம் மாடுகளையும் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள். அப்பா அவள் விரலை மெதுவாக மடக்கி, மாட்டையும் மனுஷரையும் எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும் என்றார், கொய்னெட்தான் மொழிபெயர்த்தான். எண்ணாமல் ஒன்று குறைந்தால் எப்படித் தெரியும் என்று அவள் விடவில்லை. முகம் பார்ப்பேன், வராத முகம் எதுவென்று மனசுக்குத் தெரியும் என்றார் இவர். அவளா விடுவாள்! அப்படியென்றால் உங்கள் பிள்ளைகளில் யார் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டுவிட்டாள்.

கொய்னெட் அதை மொழிபெயர்க்கவே பயந்தான். அப்பா வற்புறுத்தவும் சொன்னான். மாடுகளெல்லாம் உள்ளே போய்விட்டன, வாசலில் முள்ளை இழுத்து அடைக்க வேண்டிய நேரம், இவர் முள்கிளையைக் கையில் பிடித்தபடி குன்றுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “மூத்தவ இன்னும் வரல. சிலாந்தோய்.”

நான் உள்ளே போய் ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை, உன் அம்மா அல்லவா. அவர்கள் ஊருக்குக் கிளம்பிய காலையில் எல்கேக்கு நம் பேச்சில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். ஜீப் நகரும்போது அவள் தலையை வெளியே நீட்டி, “சிலாந்தோய் அப்பா!” என்று கத்தினாள். சிரோங்கா மாமா மூக்குப்பொடியை மூக்குக்குக் கொண்டுபோன கையோடு அப்படியே நின்றுவிட்டார். அப்பா திரும்பினார் மகளே. திரும்பி, கோலை உயர்த்திக் காட்டினார். ஜீப் மறைந்தபிறகு என்னிடம் வந்து, இது உன் வேலைதானே என்றார். கொஞ்ச தூரம் போனவர் நின்று, முகத்தைக் காட்டாமல், “எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு அவளுக்கு எழுது” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

எழுதிவிட்டேன். இனி உன் பாடு. அடுத்த முறை போன் செய்யும்போது என்னை விசாரிக்காதே, நான் நன்றாகத்தான் இருப்பேன், அவரைக் கூப்பிடு. லீவு கிடைத்தால் புல் பச்சையாக இருக்கும்போதே வா, யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம், கன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போ. நம் தெய்வம் என்கை உன்னை மழை மாதிரி சூழ்ந்திருக்கட்டும், உன் காலடி குளிர்ந்திருக்கட்டும். உறைக்குள் நம் பட்டி வாசல் புல் ஒரு பிடி வைத்திருக்கிறேன். இந்தத் தாளின் ஓரத்தில் உள்ள கறையை அழுக்கு என்று நினைக்காதே, நம் வழக்கப்படி உன்னை நினைத்துத் துப்பி ஆசீர்வதித்தேன். பக்கத்தில் இன்னொரு கறை இருக்கும். அதுவும் ஆசீர்வாதம்தான், ஆனால் துப்பியது நான் இல்லை.

இப்படிக்கு, ஒருநாளும் பெயரை மாற்றிக்கொள்ளாத,
சிலாந்தோய் அம்மா