மேசையைச் சுற்றி வந்த காகிதம்

டில்லார்டு, நெவாடா
1976 மே 11

அன்புள்ள அமாயா,

இங்கே நானும் விடுதியில் தங்கியிருக்கும் ஐந்து கிழவர்களும் நலம், உன் உடம்பும் படிப்பும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் தினசரி நினைப்பு. பாஸ்டனில் இன்னும் குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய், அப்பாவின் கம்பளிச் சட்டையை வெட்கப்படாமல் போட்டுக்கொள். போனில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே, போன் மதுக்கூடச் சுவரில் இருக்கிறது, நான் எடுத்தாலே எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

நாட்டின் இருநூறாவது ஆண்டு விழாவுக்காக ஊரே தலைகீழாக நிற்கிறது. மலைச்சரிவில் பெரிதாகப் பதித்திருக்கும் ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் புதுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், நீதிமன்றக் கடிகாரம் மறுபடி ஓடுகிறது, பத்து நிமிடம் முந்தி. வெள்ளிச் சுரங்க வாசலில் ஒரு பித்தளைப் பலகை, ரயில் வராத ரயில் நிலையத்தில் ஒன்று. அடுத்தது நம் விடுதி. ஸ்பெயின் மலைநாட்டிலிருந்து வந்த பாஸ்க் ஆட்டிடையர்கள் குளிர்காலத்தில் தங்குவதற்காக உன் கொள்ளுத்தாத்தா கட்டியது என்று பலகையில் வரப்போகிறது, அவர்கள் பந்தடித்து விளையாடிய பின்பக்கச் சுவரையும் சேர்த்து. வரலாற்றுச் சங்கம் கூரையை மாற்றித் தருமாம், பதிலுக்கு இன்னும் இருபத்தைந்து வருடம் நம் குடும்பமே இதை விடுதியாக நடத்த வேண்டும், விற்கக் கூடாது. வேறு நிபந்தனையே இல்லை என்று சங்கத்தை நடத்தும் நம் டெல்மா டீச்சர் பெருமையாகச் சொன்னார்.

இந்த வருடம் விற்றுவிட நினைத்திருந்தேன் அமாயா. உன்னிடம்கூடச் சொல்லவில்லை, அப்பா போனதிலிருந்து மூன்று வருடமாக அதையேதான் யோசிக்கிறேன். பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன், இருபத்தொரு வருடமாக, சாப்பிட வரும் ஊர்க்காரர்களையும் சேர்த்து முப்பது பேருக்கு ஆட்டுக்கறி வேகவைக்கிறேன், தங்கிப்போனவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களை எல்லாம் இரண்டு முறை படித்தாயிற்று. கடலோரமாக நல்ல நூலகம் உள்ள ஓர் ஊரும், இரண்டே நாற்காலி போட்ட மேசையும் எனக்குப் போதும்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் டீச்சர் சங்கத்தின் ஒப்பந்தப் பத்திரத்தை என்னிடம் நேரே தராமல், பீன்ஸ் பாத்திரத்தோடு சேர்த்து மேசையின் அந்தக் கோடியில் விட்டார். நம் மேசை வழக்கம் உனக்குத் தெரியும், இடப்பக்கம் இருந்து வருவதை வாங்கிக் கொஞ்சமாவது எடுத்துக்கொண்டு வலப்பக்கம் தள்ள வேண்டும், வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஒவ்வொருவரும் படித்துத் தலையாட்டித் தள்ளித் தள்ளி என் முன்னால் வந்தது. விடுதிக் கிழவர்களில் மூத்த பேயோ தாத்தா, "பாத்துக்குங்கய்யா, நம்ம மைத்தேயும் இனிமே பழம்பொருள்தான், தொட்டா அபராதம்" என்றார். டீச்சர், "என்னடி யோசிக்கிற, பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் பேனாவக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருப்ப, போடும்மா" என்றார். "பீன்ஸ் ஆறிப்போவுது மைத்தே, எங்க பக்கம் தள்ளு" என்று ஒரு குரல். முப்பது முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாரும் நல்லவர்கள், அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்கள். கையெழுத்துப் போட்டேன், வலப்பக்கம் தள்ளினேன், எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கழுவின தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

விடுதியில் பாதியை அப்பா உன் பேருக்கு எழுதிவைத்தார் அல்லவா, அதனால் நீயும் போட்டால்தான் செல்லும். பத்திரத்தை இதனோடு வைத்திருக்கிறேன். நீ போடுவாய் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை, பலகைகூட வார்த்தாகிவிட்டது. நீ மறுத்தால் உன்னை என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், படிக்கப் போய் ஊரை மறந்தவள் என்பார்கள், அவர்கள் பேசும்போது ஆமாம் என்று தலையாட்டவும் செய்வேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு தாய் பிள்ளையிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். என்னால் சொல்ல முடியாததை நீ அங்கிருந்து சொல்லிவிடு.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்காதே. எந்த ஊரில் இருக்க ஆசைப்படுகிறாயோ அந்த ஊரிலேயே நீ நன்றாக இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பத்திரம் டீச்சருக்குப் போய்ச் சேர வேண்டும், மறந்துவிடாதே. நான் போட்டுவிட்டேன். நீ போடாதே.

உன் அம்மா,
மைத்தே