ஏற்காட்டில் தோண்டிய அறை

மேச்சேரி
12-2-1931

அன்புள்ள சின்னுசாமி மாமாவுக்கு, சௌந்திரம் வணங்கி எழுதிக்கொண்டது.

அம்மாவும் நானும் சுகம். தையில் வருகிறேன் என்றீர்கள். தை போயே போய்விட்டது, உங்களைக் காணோம்.

ஒரு சங்கதி கேட்க வேண்டும். மலையில் மண் சுமந்துவிட்டு வந்த பழனியம்மாள் சொல்கிறாள்: பழங்காலக் கற்கோடரி தேடி மதராஸிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் உங்கள் தோட்டத்தில் குழி வெட்டினாராம். காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்துக்கு அடியில் சன்னலே இல்லாத ஓர் அறை வந்ததாம். சுவரில் இரும்பு வளையங்களாம். ஆட்களை அடைத்த இடம் என்று எழுதிக்கொண்டாராம்.

மெய்தானா? அந்தக் களம் எந்த வருஷம் போட்டது? பதின்மூன்று வருஷம் முன்பு அப்பாவைத் தோட்ட வேலைக்கு அழைத்துப் போன கண்காணி நீங்கள்தான். அதனால் கேட்கிறேன்.

உங்கள் மருமகள்
சௌந்திரம்

ஏற்காடு
20-2-1931

சௌந்திரத்துக்கு மாமன் ஆசீர்வாதம்.

மண் சுமக்கிறவள் பேச்சைக் கேட்டு என்னிடமே விசாரணையா? அது மாட்டுக் கொட்டகை. வளையம் மாடு கட்ட. கூடக் கிடைத்த தகரத் துண்டுகள், அந்தக் காலத்தில் ஆட்கள் கழுத்தில் நம்பர் போட்டுக் கட்டியவை. எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

உன் அப்பா கைலாசம் கண்டிச் சீமைக்கு ஓடிப்போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்காவிடம் அன்றே சொன்னேன். வைகாசியில் உனக்கும் என் மகனுக்கும் கல்யாணம். அந்த வேலையைப் பார்.

சின்னுசாமி

மேச்சேரி
1-3-1931

மாமாவுக்கு,

மாட்டுக் கொட்டகைக்குள் ஆட்களின் கழுத்துத் தகரம் எப்படி வந்தது?

வியாழக்கிழமை பழனியம்மாளோடு மலைக்கு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. வளையத்துக்குள் என் காலை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

காப்பிப் பழம் பறிக்கும் பெருமாயியைக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "உங்கப்பன் ஊட்டுக்குப் போறமுன்னு ரெண்டு வாட்டி மலை எறங்குனாரு கண்ணு. முன்பணம் தீரலீன்னு புடிச்சாந்து பூட்டிப்போட்டாங்க. ஊரே காய்ச்சல்ல கெடந்த வருசம் அது."

சாவி யாரிடம் இருந்தது மாமா?

சௌந்திரம்

ஏற்காடு
9-3-1931

சௌந்திரம், என் சாமி,

படித்ததும் கிழித்துவிடு. பூட்டச் சொன்னது தோட்டத்துத் துரை. பூட்டியது நான். ஒரு ராத்திரி இருக்கட்டும், காலையில் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விடிவதற்குள் எனக்கும் காய்ச்சல் கண்டுவிட்டது. நான் எழுந்து நடக்க மூன்று நாள் ஆயிற்று. வேறு யாரும் திறக்கவில்லை. அந்த மாசமே அறையை மண் போட்டு மூடி, மேலே களம் போட்டார்கள்.

ஓடிப்போனார் என்று சொன்னால் அக்கா தாலியோடாவது இருப்பாள் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லாதே சாமி.

சின்னுசாமி

மேச்சேரி
14-3-1931

கண்காணி சின்னுசாமி அவர்களுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"அப்ப அவங்க என்னைய உட்டுப்போட்டு ஓடலையா சாமி?" என்றாள்.

"இல்லீங்கம்மா."

கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தாலியைத் தன் கையாலேயே கழற்றினாள். பிறகுதான் அழுதாள்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டாம். உங்கள் கடிதத்தை ஆராய்ச்சிக்காரரிடம் கொடுக்க நாளை அம்மாவும் நானும் மலையேறுகிறோம். வழியில் வந்து நிற்காதீர்கள்.

கைலாசம் மகள்
சௌந்திரம்